ஒரே நம்பருக்குள் இருந்த ஊர்

“எல்லாரும்” என்ற சொல்லை அந்தப் பெண் முன்னால் சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாகப் போனதில்லை. “எல்லாரும் இப்ப மிளகுக்கு மாறிட்டாங்க” என்று பேச்சுவாக்கில் ஏதோ சொல்லியிருப்போம். கையில் இருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “எல்லாருமுன்னா யாரு யாருங்கண்ணா?” என்று கேட்பார். கேலிக்காகக் கேட்பதில்லை. அவருக்கு நிஜமாகவே பெயர் வேண்டும். நாம் மூன்று பேரைச் சொல்லிவிட்டு முழிப்போம். “அப்ப மூணு பேருங்க” என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் கோபித்துக்கொள்வார். நான் அம்மணி என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அடிவாரத்தில் சொந்தக் காட்டில் வெங்காயமும் நிலக்கடலையும் போடுகிற குடும்பத்துப் பெண். செம்மேட்டில் எங்கள் மலை விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர். இரண்டு வருஷம் இருந்தார். அந்த இரண்டு வருஷத்தில் என்னை அவர் படுத்தியது கொஞ்சநஞ்சமல்ல.

ஒல்லியான உருவம். காதில் சொருகிய பேனா, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். அது பஸ்ஸுக்காக வந்த பழம்.

அடிவாரத்திலிருந்து செம்மேட்டுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்க, பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஸ்டாண்டு ஓரத்தில் குனிந்து நின்று வாந்தி எடுத்துவிட்டுத்தான் அவருடைய நாள் தொடங்கும். கீழிருந்து வேலைக்கு வருகிறவர்கள் பலர் இந்த வளைவுக்குப் பயந்தே ஒரு மாதத்தில் நின்றுவிடுவார்கள். இவரும் அப்படிப் போய்விடுவார் என்று நினைத்தேன். நினைத்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதை ஒளிப்பானேன். “நம்ம ரோடு எல்லாருக்கும் ஒத்துக்காதுங்க அம்மணி” என்று பெரிய மனுஷனாகச் சொன்னேன். வாயைக் கொப்பளித்துக்கொண்டே, “யாரு யாருக்கு ஒத்துக்காதுங்க?” என்றார்.

அன்றைக்கே ஒரு நோட்டு போட்டார். எந்த டிரைவர், எந்த சீட்டு, ஜன்னல் திறந்திருந்ததா, காலையில் என்ன சாப்பிட்டார், எந்த வளைவில் குமட்டியது என்று தினமும் எழுதினார். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். இஞ்சி மென்றால் சரியாகும் என்றார் ஒருவர், வயிற்றில் செய்தித்தாள் கட்டச் சொன்னார் இன்னொருவர். எல்லாவற்றையும் செய்து பார்த்து அதையும் எழுதினார். மூன்று வாரம் கழித்து ஒரு காலை, தெளிந்த முகத்தோடு கடைக்குள் வந்தார்.

“வளைவு மேல தப்பில்லீங்கண்ணா. டிரைவர் மேலயும் இல்லை. காலையில பால் குடிச்சுப்போட்டு, பின் சக்கரத்துக்கு மேல உக்காந்தா மட்டுந்தான் வருது. ரெண்டுல ஒண்ணு இல்லாட்டியும் வர்றதில்லீங்க.”

“அப்ப எலுமிச்சம்பழம்?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. வாசனை புடிச்சுப்போச்சு. வெச்சிருக்கறேன்.”

பாலை விட்டார், முன் சீட்டுக்கு மாறினார். அதன்பின் எழுபது வளைவும் அவரை ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் கடை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் வலது பக்கம் பாக்கெட். காபித்தூள், மிளகு, தேன் எல்லாம் மலை பார்க்க வருகிறவர்களுக்காக அழகாகக் கட்டி அடுக்கியிருக்கும். இடது பக்கம் சில்லறை. சாமை அரிசியும் தினையும் கேழ்வரகு மாவும் மூட்டையாக நிற்கும். பையை நீட்டினால் எடை போட்டுக் கொடுப்போம். பின்கட்டில் சாமையை உமி நீக்கித் தருகிற மெஷின் ஒன்று ஓடும். இரண்டு பக்கத்துக்கும் பில் போடுகிறவன் நான் ஒருத்தன்.

நான் போடும் பில் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். அதற்குமேல் அதில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அம்மணி மாடி அறையில் உட்கார்ந்து அந்தப் பில்களையெல்லாம் ஒரு சாப்ட்வேரில் விரித்துப் போடுவார். யார் வாங்குகிறார்கள், எதை, எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு, திரும்பி வருகிறார்களா என்றெல்லாம் கலர் கலராகக் கட்டங்கள் வரும். திரையின் ஓரத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒன்றில் டிக் போட்டால் சாமை வாங்கினவர்கள் மட்டும் நிற்பார்கள், மற்றவர்கள் மறைந்துபோவார்கள். இன்னொன்றில் போட்டால் சந்தை நாளில் வந்தவர்கள் மட்டும் நிற்பார்கள். இதற்குப் பில்டர் போடுவது என்று பெயர்.

எங்கள் மேலாளர் டவுன்காரர், நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். அவருக்குக் கடைசி வரியில் மொத்தம் தெரிந்தால் போதும். அம்மணிக்கு அந்தக் கடைசி வரிதான் பிடிக்காது. எனக்கு ஒரு நாள் பொறுமையாகச் சொன்னார்: “நிக்கறவங்களைப் பாக்கறது சுலுவுங்கண்ணா. மறைஞ்சுபோனது ஆருன்னு பாக்கோணும். அதுதான் வேலை.” நான் தலையை ஆட்டிவிட்டுக் கீழே வந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அது விளங்குகிற நாளும் வந்தது. ஒரு வருஷம் மழை விட்ட சமயம், மேலாளர் ஒரு யோசனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சில்லறைப் பக்கத்தை எடுத்துவிட்டுக் கடை முழுவதையும் பாக்கெட்டாக்கிவிட வேண்டும், பின்கட்டு மெஷினையும் விற்றுவிட வேண்டும். அடுத்த கூட்டத்தில் இயக்குநர்கள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

“மலைக்காரங்க யாருமே நம்ம கடையில வாங்கறதில்லை. ரிப்போர்ட்டுல ஒருத்தர்கூட இல்லை. யாருக்காக இந்த மூட்டைகளை அடுக்கி வெச்சிருக்கோம், எலிக்கா?” என்றார்.

நானும் மலைக்காரன்தான், திண்ணனூர் நாடு. மலையில் பல ஊர் சேர்ந்ததை நாடு என்போம். இன்று மலையில் பாதிக்காடு மரவள்ளிக்கும் மிளகுக்கும் போய்விட்டது. சாமை விதைக்கிறவர்கள் வீட்டில் அதை இடித்துப் புடைக்க ஆளில்லை, விதைக்காதவர்களுக்கு நோம்பிப் பண்டிகைக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக் கஞ்சிக்கும் சாமை வேண்டும். இரண்டு பேருக்கும் எங்கள் கடையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. மலையில் விளைந்த சாமையை வாங்க மலைக்காரன் அடிவாரத்துக்கு இறங்க வேண்டும் என்றால் அதைவிடக் கேவலம் வேறில்லை. வாரா வாரம் என் கையால் அளந்து போடுகிறேன், யாரும் வாங்குவதில்லையாம். ஆனால் கம்ப்யூட்டர் இல்லை என்று சொல்லும்போது பில் போடுகிறவன் உண்டு என்றால் யார் கேட்பார்கள்?

அம்மணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “யாருமேவாங்க சார்?”

“கம்ப்யூட்டர்தானேம்மா சொல்லுது.”

“அப்படிச் சொல்லச் சொல்லி ஆரு சொன்னாங்கன்னு பாத்துட்டு வாரேனுங்க” என்று மாடிக்குப் போனார்.

மத்தியானம் என்னை மேலே கூப்பிட்டார். சாப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தவர்கள் ஆரம்பத்திலேயே ஒரு பெட்டியில் டிக் போட்டு வைத்திருந்தார்களாம். ஒரே போன் நம்பரில் மாதத்துக்கு இத்தனை கிலோவுக்கு மேல் வாங்கினால் அவர் மொத்த வியாபாரி, வீட்டுக்கு வாங்குகிறவர்களின் பட்டியலில் அவரைக் காட்டாதே என்று. டவுனில் அது சரியான ஏற்பாடுதான். அந்த டிக்கை எடுத்ததும் திரையில் பத்துப் பதினைந்து நம்பர்கள் புதிதாக வந்து நின்றன.

“ஏனுங்கண்ணா, இந்த வியாபாரி ஆருங்க? ஒரே சந்தை நாள்ல ஒம்பது தடவ வந்திருக்கறாரு. ஒருக்கா ரெண்டு கிலோ, ஒருக்கா ஒரு கிலோ. வியாபாரி எதுக்குங்க இப்படி நாய் படாத பாடு படோணும்?”

நம்பரைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து இலக்கம் தட்டாவிட்டால் எங்கள் பில் மெஷின் நகராது. போனே இல்லாதவர்கள் பையோடு நிற்பார்கள். நான்தான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். உங்கள் ஊரில் யாரிடமாவது போன் இருக்குமே, அந்த நம்பரைச் சொல்லுங்கள் என்றேன். அதுவே வழக்கமாகிவிட்டது. இரண்டு மூன்று வருஷத்தில் ஊருக்கு ஒரு நம்பர் என்று ஆகி, சின்னப் பிள்ளைகள்கூட அதை மனப்பாடமாகச் சொல்லும். அந்த ஒன்பது தடவையும் ஒன்பது வீடு.

நான் சிரித்து முடிப்பதற்குள் அம்மணி அந்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்.

“ஆருங்க?” என்றது காற்றிரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல்.

“செம்மேட்டுக் கடையிலிருந்து பேசறமுங்க. போன மாசம் உங்க நம்பர்ல அம்பது கிலோவுக்கு மேல சாமை போயிருக்குதுங்களே, நீங்க வாங்குனதுங்களா?”

“அம்பது கிலோவா? அய்யோ சாமி, ஊட்டுல நானும் எம்பொண்டாட்டியும் மட்டுந்தானுங்க. நாங்க என்ன மாடாங்க?”

“அப்ப உங்க நம்பரை ஆரு சொல்றாங்க?”

“ஊரே சொல்லுமுங்க. எங்க ஊர்ல எங்காட்டுப் பாறை மேல மட்டுந்தானுங்க டவர் எடுக்கும். அதனால நான் ஒருத்தன்தான் போன் வெச்சிருக்கறேன்.”

“ஊருன்னா யாரு யாருங்க? கொஞ்சம் சொல்றீங்களா, எழுதிக்கறேன்.”

அந்த மனிதர் பாறை மேல் நின்றபடி வீடு வீடாகச் சொல்ல ஆரம்பித்தார். சார்ஜ் தீரும்வரை சொன்னார். போன் கட்டானபோது பாதி ஊர்தான் ஆகியிருந்தது. மீதியை நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அம்மணி, ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போவது மாதிரி.

மேலாளர் வேண்டாம் என்றார். நம்பரைக் காட்டினால் போதும், ஊர் ஊராக அலைய கம்பெனி சம்பளம் கொடுக்காது என்றார். “லீவு போட்டுக்கறேனுங்க சார். ஒரு நம்பருக்குப் பின்னால பத்துப் பேரு இருக்கறாங்கன்னு நான் சும்மா சொன்னா, அதுவும் எல்லாருமுன்னு சொல்ற மாதிரிதானுங்களே” என்று சொல்லிவிட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

என் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு கிளம்பினார். கம்பெனி வண்டி கிடைக்காது, பஸ் எல்லா ஊருக்கும் போகாது. நான்கைந்து நாள் இப்படிப் போய் வந்ததும் எங்கள் கம்பெனித் தலைவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். தலைவரும் மலை விவசாயிதான், வெள்ளை மனசுக்காரர். தயங்கித் தயங்கி, “ஊரே ஒரு மாதிரி பேசுது கண்ணு. கொஞ்சம் பாத்து நடந்துக்கோணும்” என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அம்மணிக்கு ஒன்றும் கூசவில்லை.

“ஊருன்னா யாருங்க தலைவரே? பேரைச் சொல்லுங்க, நானே போய் என்னன்னு கேட்டுக்கறேன்.”

தலைவர் இப்படி அப்படிப் பார்த்துக் கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் பெயரைச் சொன்னார். வேறு யார் என்றால் வேறு யாருமில்லை. மறுநாள் அம்மணி நேராக அந்த டீக்கடைக்குப் போய், “ஏனுங்க, என்னைப் பத்திப் பேசறீங்களாமா? எதுன்னாலும் என்கிட்டயே கேளுங்க, சொல்றேன்” என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆள் டீயில் சர்க்கரை போட மறந்தார். அதோடு ஊர் பேசுவது நின்றது.

ஆலத்தூர் நாட்டில், பாறைக்காரரின் ஊருக்குப் போன நாளை நான் மறக்க முடியாது. தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் நடந்தோம். முப்பது வீடு இருக்கும். அம்மணி ஒரு வீட்டை விடவில்லை. சில்லறைப் பக்கம் வருகிறீர்களா, என்ன வாங்குகிறீர்கள், கடைசியாக எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டே போனார். பதினோரு வீடு இப்போதும் வாங்குகிறது. பத்தொன்பது வீடு முன்பு வாங்கி, பிறகு நிறுத்திவிட்டது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் கடைக்கு மலையே வருகிறது என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன் நான்.

வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் அம்மணி கேட்டார். “ஏனுங்கக்கா, சாமை வேண்டாமுன்னு உட்டுட்டீங்களா?”

“வேண்டாமுன்னு ஆரு உட்டாங்க கண்ணு? சந்தைக்கு வந்தா கடைக்கு வருவமுங்க. நிப்பமுங்க. வாங்கறதுக்குள்ள பஸ்ஸு போயிருமுங்க. அதை உட்டா சாயங்காலந்தான் அடுத்த வண்டி. ஊட்டுல புள்ளைங்க கெடக்குதே, எப்படீங்க நிக்கறது?”

அதற்குள் பின்னால் நின்ற என்னைப் பார்த்துவிட்டார். உடனே பதறி, “அண்ணனைக் கொறை சொல்லலீங்க. பாவம், ஒத்தை ஆளு. கார்ல வர்றவங்களை மொதல்ல கவனிக்கோணுமில்லீங்க?” என்று சொல்லி, உள்ளே போய் எனக்குக் கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திரும்பி நடக்கும்போது நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். ஒரு அம்மா சொல்வதை வைத்து முடிவு செய்ய முடியாது என்றேன். நின்று வாங்கப் பொறுமையில்லாதவர்களுக்கு ஆயிரம் சாக்கு என்றேன். “ஆமாங்கண்ணா, ஒருத்தங்க சொல்றதை வெச்சு முடிவு பண்ணக்கூடாதுங்க” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சந்தை நாள் காலையில் கடை திறந்ததும் கீழே வந்து கேழ்வரகு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். மடியில் நோட்டு. மத்தியான பஸ் போகும்வரை எழுந்திருக்கவில்லை. நானும் முதலில் கொஞ்சம் மிடுக்காக நின்றேன், பிறகு கூட்டத்தில் அவரை மறந்தே போனேன். இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். தேன் எங்கே, காபி எங்கே என்று ஒரே இரைச்சல்.

சாயங்காலம் மாடிக்குக் கூப்பிட்டார். திரையில் ஊர் நம்பர்களை மட்டும் நிறுத்தி, சந்தை நாள் பில்களை மணி வாரியாகப் பிரித்து வைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் காலை முழுக்கப் பரவலாகப் பில் இருக்கிறது. வருஷம் போகப் போக, வேன்கள் வருகிற நேரத்தில் ஒரு பள்ளம் விழுந்து அகலமாகிக்கொண்டே வருகிறது. கடைசி வருஷத்தில் ஒன்பதரையிலிருந்து மத்தியான பஸ் வரைக்கும் அந்த நம்பர்களில் ஒரு பில்லும் இல்லை.

“அண்ணா, இன்னிக்கு நீங்க ‘சித்த இருங்க’ன்னு எத்தனை தடவ சொன்னீங்கன்னு தெரியுமுங்களா? முப்பத்தி நாலு.”

“வேலை நேரத்துல சொல்றதுதானுங்களே. எல்லார்கிட்டயும்தான் சொல்றேன்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது.

“இல்லீங்கண்ணா. முப்பத்தி நாலும் எடது பக்கம் நின்னவங்ககிட்ட. வலது பக்கம் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நோட்டை வைத்துக்கொண்டு என்னையே வேவு பார்க்க வந்தாயா என்கிற மாதிரி ஏதோ கத்திவிட்டுப் படியிறங்கினேன். இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்குள் ஓடியது ஒரே நினைப்புதான். வேனில் வந்தவனை நிற்க வைத்தால் சத்தம் போடுவான். இவர்கள் நம்ம ஆட்கள், சத்தம் போடமாட்டார்கள். நம்ம ஆட்கள் என்பதற்காகவே அவர்களைக் காக்க வைத்திருக்கிறேன். அவர்களும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, எனக்குக் கெட்ட பெயர் வராமல், சத்தமில்லாமல் விலகிப் போயிருக்கிறார்கள். இதை நினைக்க நினைக்க எனக்கு அவமானமாக இருந்தது.

மூன்றாம் நாள் அவரே வந்தார்.

“கூட்டத்துல ஒரு கேள்வி வருமுங்கண்ணா. சாமை வேணுமுங்கறவங்க எதுக்கு வராம நின்னாங்கன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் சொல்லாட்டி, ஆருக்கும் வேண்டாமுன்னு மேலாளர் சொல்றதுதான் நிக்கும். சில்லறைப் பக்கம் போயிரும். என்னால பொய் சொல்ல முடியாதுங்க. நான் சொன்னா உங்க வேலைக்கு ஆபத்து வருமுன்னும் தெரியுது.”

“அப்ப என்ன பண்ணோணுமுங்கறீங்க?”

“நீங்களே சொல்லிட்டா நல்லாருக்குமுங்க. சொல்லாட்டி நான் சொல்லுவேனுங்க. முன்னாடியே உங்ககிட்டச் சொல்லிப்போடோணுமுன்னு வந்தேன்” என்றார். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த நிமிஷம்தான். அதுவரைக்கும் வெறும் எரிச்சல்தான்.

பாக்கெட் பக்கத்தோடு கடை ஓடினால் என் வேலைக்கு ஒரு குறையும் வராது. வாயைத் திறந்தால்தான் சிக்கல். வீட்டில் சொன்னேன். “சொல்லாம இருந்தா அந்த அக்கா ஊட்டுக் காப்பிக்கு என்ன பதில் சொல்லுவீங்க?” என்று கேட்டுவிட்டு என் மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

கூட்டம் மாடி அறையில் நடந்தது. மேலாளர் முதலில் பேசினார். பிறகு அம்மணி எழுந்து சுவரில் படத்தைப் போட்டார். மறைத்து வைத்திருந்த அந்தப் பெட்டியைக் காட்டி டிக்கை எடுத்தார். நம்பர்கள் வந்து நின்றன. ஒவ்வொரு நம்பருக்கும் கீழே வீட்டுப் பெயர்களை வாசித்தார். தங்கள் ஊர்ப் பெயர்கள் வர வர, இயக்குநர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் தன் மச்சான் வீட்டுப் பெயர் வந்ததும் “அட, நம்ம ஊடு” என்று வாய்விட்டே சொன்னார். மேலாளரும் தன் தப்பை ஒப்புக்கொண்டார். ஆனால் விடவில்லை.

“சரிம்மா, வாங்கினவங்க இருக்காங்க. பாதிக்கு மேல நிறுத்திட்டாங்கன்னு நீயேதான் சொல்ற. அப்ப வேண்டாம்னுதானே அர்த்தம்?”

“எதுக்கு நிறுத்துனாங்க கண்ணு?” என்று தலைவரும் கேட்டார்.

அம்மணி அடுத்த படத்தைப் போட்டார். மணி வாரியான பள்ளம். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: கடையில் காக்க வைக்கப்பட்டார்கள், பஸ்ஸைத் தவறவிட்டார்கள். என் பெயர் அதில் இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எழுந்தேன்.

“காக்க வெச்சது கடை இல்லீங்க தலைவரே. நானுங்க.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வேன்காரர்களுக்குப் பயந்ததை, நம்ம ஆட்கள்தானே என்று நினைத்ததை, அந்தக் கடுங்காப்பியை. சொல்லி முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தை நாளில் மத்தியான பஸ் போகும்வரை சில்லறைப் பக்கத்துக்குத்தான் முதல் பில் என்று முடிவானது. நின்றுபோன வீடுகள் திரும்புகின்றனவா என்று மூன்று மாதம் பார்ப்பது, திரும்பாவிட்டால் மேலாளர் சொன்னபடி செய்வது. கடைசியில் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

“உன்னைப் பாக்கெட் பக்கம் மட்டும் வெச்சுக்கிட்டு, இந்தப் பக்கத்துக்கு வேற ஆளு போட்டறலாமா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது நியாயம்தான் என்று பட்டது. அம்மணி முந்திக்கொண்டார்.

“வேண்டாமுங்க தலைவரே. இவரையே போடுங்க. வராம போனவங்களோட மொகம் கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்க. இவருக்குத்தான் தெரியும்.”

அந்த மூன்று மாதமும் வாராந்திர லீவு நாளில் நான் நடந்தேன். பாறைக்காரரின் ஊரில் அந்தப் பத்தொன்பது வீட்டுக்கும் போனேன். வாசலில் நின்று, தப்பு என்னுடையது, வாங்க என்று கூப்பிட்டேன். சிலர் சிரித்தார்கள், சிலர் நம்பவில்லை. மிளகு காயப்போட்ட அந்த அக்கா முதல் வாரமே வந்தார். மூன்று மாதம் முடிந்தபோது பதினான்கு வீடு திரும்பியிருந்தது. மற்ற ஊர்களுக்கும் போய்க் கூப்பிட்டேன், அங்கேயும் அதே மாதிரி. சில்லறைப் பக்கமும் மெஷினும் தப்பின. தலைவர் எல்லாருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தார். நானும் ஜெயித்த களிப்பில் இருந்தேன். அம்மணி கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாக்கி அஞ்சு ஊடு என்னாச்சுங்கண்ணா?” என்றார்.

இப்போது அவர் கோயம்புத்தூரில் வேறு ஏதோ பெரிய கம்பெனியில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை கூப்பிடுகிறார். என் சௌக்கியத்தைக் கேட்டு, பிள்ளைகள் படிப்பைக் கேட்டு, கடைசியில் அந்த அஞ்சு வீட்டில் வந்து நிற்பார். எனக்கு அலுத்துப்போகும். ஒரு தடவை, “உடுங்க அம்மணி, அவங்க வரமாட்டாங்க” என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். “போய்ப் பாத்தீங்களா?” என்றார். பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போன வாரம் கூப்பிட்டபோது, வழக்கம்போல் “பாக்கி எத்தனை ஊடுங்கண்ணா?” என்று கேட்டார்.

“நாலுங்க அம்மணி” என்றேன்.